வைரம் பாய்ந்ததும் கல்லாய்ப் போனதும்

நிற்கிற மரத்தில் உயிரோடு இருப்பது கொஞ்சம்தான். பட்டைக்கு உட்புறம் ஒரு மெல்லிய படலம், அதையொட்டிய வெள்ளைக்கட்டையில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சில செல்கள், இலை, மொட்டு, வேர்நுனி, அவ்வளவுதான். நடுவில் இருக்கும் வைரம் முழுக்கச் செத்த பகுதி. செத்தது மக்க வேண்டும். பூஞ்சை தின்ன வேண்டும், கரையான் அரிக்க வேண்டும். ஆனால் வைரம் நூறு, இருநூறு வருஷம் மரத்துக்குள் கெடாமல் நிற்கிறது. மரத்தை வெட்டி நிலைக்கதவாகவும் உத்தரமாகவும் ஆக்கிய பிறகும் நிற்கிறது.

செத்த கட்டை மக்காமல் இருக்க இயற்கையில் இரண்டு வழிகளைப் பார்க்கிறோம். ஒன்று, மரமே தன் செல்கள் சாவதற்கு முன்னால் அவற்றை வேதிப்பொருள்களால் நிரப்பிவிடுவது. மற்றது, மரம் விழுந்து புதைந்த பிறகு நிலத்தடி நீர் சிலிக்காவைக் கொண்டுவந்து நிரப்புவது. முதல் வழியில் கிடைப்பது வைரம், இரண்டாவதில் கல்மரம். இரண்டிலும் நடப்பது செல்லின் வெற்றிடத்தை நிரப்பும் வேலைதான். யார் நிரப்புகிறார்கள், எதைக் கொண்டு, எந்த நேரத்தில் என்பதில்தான் வேறுபாடு. அந்த வேறுபாட்டால், மரத்தில் எது மிஞ்சுகிறது, எது தொலைகிறது என்பதே மாறிப்போகிறது.

கல்மரத்தைப் பார்க்க விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் எங்கும் போக வேண்டியதில்லை. திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகப் புதுச்சேரி போகிற சாலையில் பிரிந்தால் வானூர் வட்டத்துத் திருவக்கரை. வக்கிரகாளியம்மனுக்கும் சந்திரமௌலீசுவரருக்கும் பேர்போன ஊர். பௌர்ணமிக்குக் கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட ஊருக்குக் கிழக்கே இருக்கும் கல்மரப் பூங்காவுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் 247 ஏக்கரில் பரந்திருக்கும் தேசியப் புவியியல் நினைவிடம் அது. ஏறத்தாழ 200 கல்மரங்கள் செம்மண்ணில் படுத்துக் கிடக்கின்றன. 3 மீட்டர் நீளத்தில் இருந்து 15 மீட்டர் வரை உண்டு. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். இவை விஷ்ணு வதம் செய்த அசுரனின் எலும்புகள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னேரா 1781-லேயே இவற்றைப் பற்றி எழுதிவைத்தார்.

அங்கே கிடப்பவற்றில் பெரும்பாலானவை பூக்கும் தாவரங்கள். புளி, ஆமணக்கு குடும்பங்களின் பழைய உறவுக்காரர்கள். ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது ஒரு கோனிஃபர், அதாவது பைன், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. செல் கொள்கையை நிறுவிய இருவரில் ஒருவராகத் தாவரவியல் பாடப் புத்தகத்தில் நாம் படித்த ஷ்லைடன், 1855-ல் இந்தக் கல்லை ஆராய்ந்து பியூசே ஷ்மிடியானா என்று பெயரிட்டார். 1931-ல் பீர்பால் சாஹ்னி அதைத் திரும்ப ஆராய்ந்து, அது போடோகார்ப் குடும்பத்து மரத்தை ஒத்தது என்று கண்டு மெசெம்ப்ரியாக்சிலான் ஷ்மிடியானம் என மாற்றினார். பின்னர் 1950-களில் சி.ஜி.கே. ராமானுஜம் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக் கல்மரங்களை ஒவ்வொன்றாக எடுத்து விவரித்தார். இலை இல்லை, காய் இல்லை, பூ இல்லை. வெறும் கட்டையின் உள்ளமைப்பை வைத்துக் குடும்பத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அளவுக்கு அந்தக் கல் மரத்தின் வடிவத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஒப்பீட்டின் மறுபக்கத்துக்கு இமயமலைத் தேவதாருவை எடுத்துக்கொள்கிறேன். சமவெளியில் வளராத மரம்தான். ஆனாலும் அதன் வைரக்கட்டை நம்மூர் நாட்டு மருந்துக் கடைகளில் சிறு சிராய்களாகக் கிடைக்கிறது. வாங்கும்போது கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் தேவதாரம் என்று விற்கப்படுவது பல நேரம் செம்புளிச்சான். செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளைப் போன்ற வறண்ட காடுகளில் வளரும் சிறு மரம் அது, கோனிஃபரே இல்லை. அதன் வைரத்திலும் மணமுண்டு, எண்ணெயுண்டு. அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு டைட்டர்ப்பீனுக்கு வேதியியலாளர்கள் தேவதாரோல் என்றே பெயர் வைத்தார்கள். இரண்டு மரங்களுக்கும் பரிணாமத்தில் பல கோடி ஆண்டு இடைவெளி. இருந்தும் செத்துப்போகிற நடுக்கட்டையை மணமுள்ள எண்ணெயால் நிரப்பும் உத்தி இரண்டிலும் இருக்கிறது.

அசல் தேவதாரு சிராயை நகத்தால் கீறினால் பழுப்பு மஞ்சளில் புது முகம் தெரியும். விரலில் லேசாகப் பிசுபிசுக்கும். மணம் சட்டைப் பையில் போட்டு மறந்தாலும் நாள்கணக்கில் நிற்கும். அந்த மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஹிமாச்சலீன் வகை முக்கியமானது. 15 கார்பன் அணுக்கள் கொண்ட செஸ்குவிடர்ப்பீன். 1960-களில் புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் சுக்தேவ் குழுவினர் இதன் கட்டமைப்பை வெளிக்கொணர்ந்தார்கள். எண்ணெய் மட்டுமில்லை, டாக்சிஃபோலின் வகையைச் சேர்ந்த பிளேவனாய்டுகளும் அந்தக் கட்டையில் இருக்கின்றன. இந்தச் சரக்கு உள்ளே இருப்பதால்தான் ஆங்கிலேயர் காலத்தில் இமயத்துத் தேவதாருவை வெட்டி ரயில் பாதைக்கு அடிக்கட்டையாகப் போட்டார்கள். அதே மலையில் வளரும் சீர் பைன் மரத்தை மருந்து ஏற்றாமல் தரையில் போட்டால் கரையான் விடாது.

இந்தப் பொருள்கள் வைரத்துக்குள் எப்படி வருகின்றன என்பதே இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கோனிஃபர் கட்டையில் 90 சதவீதத்துக்கும் மேல் டிரக்கீடு எனப்படும் நீண்ட குழாய்ச் செல்கள். ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் நீளம். இவை பிறந்த கொஞ்ச காலத்திலேயே செத்து, வெற்றுக் குழாயாக நீரை மேலே ஏற்றுகின்றன. அவற்றுக்குக் குறுக்கே, மையத்திலிருந்து பட்டையை நோக்கி, கதிர்க் கோடுகளாக ஓடும் பாரன்கைமா செல்கள் மட்டும் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். மாவுச்சத்தும் கொழுப்பும் அவற்றின் சேமிப்பு. தச்சர்கள் வெள்ளையைச் செதுக்கித் தள்ளுவதற்குக் காரணம் இந்தச் சேமிப்புதான். பூச்சிக்கு அது விருந்து.

மரம் பருக்கப் பருக்க உள்வளையங்கள் மையத்தை நோக்கி ஒதுங்குகின்றன. நீரேற்றும் வேலைக்கு அவை இனி தேவையில்லை. வெள்ளைக்கும் வைரத்துக்கும் இடையே ஒரு குறுகிய எல்லைப் பட்டை உண்டு. சில வளையங்கள் அகலம்தான் இருக்கும். அங்கே வந்து சேர்ந்த கதிர்ச் செல் தன் கடைசி வேலையைத் தொடங்குகிறது. சேமித்த மாவுச்சத்தையும் கொழுப்பையும் உடைக்கிறது. அதைக் கொண்டு பைன் மரமானால் பினோசில்வின் போன்ற ஸ்டில்பீன்களையும் தேவதாருவானால் டர்ப்பீன்களையும் பிளேவனாய்டுகளையும் கட்டுகிறது. ஸ்காட்ஸ் பைன் மரத்தில் இந்த வேலைக்கான ஸ்டில்பீன் சிந்தேஸ் என்ற நொதியின் மரபணு அந்த எல்லைப் பட்டையில்தான் மும்முரமாக இயங்குவதாகக் கண்டிருக்கிறார்கள். கட்டி முடித்ததும் உட்கரு சிதைகிறது, செல் சாகிறது, உண்டாக்கிய சரக்கு பக்கத்து டிரக்கீடுகளின் சுவரிலும் உள்வெளியிலும் கசிந்து ஊறுகிறது. டிரக்கீடுகளுக்கு இடையே நீர் போய்வரும் வட்டக் குழிகளின் நடுவே தடித்த தட்டு ஒன்று உண்டு. ஈரம் வற்றும்போது அது ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிடும். வெள்ளைக்கட்டையில் உலர் எடைக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ இருந்த நீர், பைன் வைரத்தில் 30, 40 சதவீதமாகக் குறைகிறது. சோறு தீர்ந்தது, தண்ணீர் வற்றியது, நஞ்சு நிறைந்தது. பூஞ்சைக்கு அங்கே இனி என்ன வேலை?

இந்த நஞ்சின் அளவு மிகச் சிறியது என்பதையும் சொல்ல வேண்டும். பைன் வைரத்தில் பினோசில்வின் வகைகள் மொத்தம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு சதவீதம் காகித ஆலைகளைத் திணற வைத்தது. ஸ்காட்ஸ் பைன் வைரக்கட்டை சல்ஃபைட் முறையில் வேகவே மாட்டேன் என்றது. ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் எர்ட்மன் 1939-ல் அதிலிருந்து பினோசில்வினைப் பிரித்து, அது செல் சுவரைக் கெட்டிப்படுத்தும் லிக்னினோடு பிணைந்துகொண்டு கூழாவதைத் தடுக்கிறது என்று காட்டினார். அதற்கு மூன்று வருஷம் முன்பு தைப்பேயில் நொசோயே, தைவான் ஹினோக்கி மரத்திலிருந்து ஏழு கார்பன் வளையம் கொண்ட ஹினோக்கிட்டியோலைக் கண்டெடுத்திருந்தார். ஏழு அணு வளையத்துக்கு இப்படியொரு நிலைப்பு உண்டு என்பது அந்நாளைய கரிம வேதியியலுக்குப் பெரிய செய்தி.

கெட்டித்தன்மை வேறு, வைரம் வேறு. தொல்காப்பிய மரபியல் காழ், அதாவது கெட்டிப் பகுதி, வெளியே இருப்பதைப் புல் என்றும் உள்ளே இருப்பதை மரம் என்றும் பிரித்தது. விழுப்புரம் வட்டாரத்தில் வயல் வரப்பெல்லாம் நிற்கும் பனை முதல் வகை. அதன் வெளிச்சுற்றில் நார்க்கட்டுகள் நெருங்கி லிக்னின் ஏறி இரும்பாகிறது. வீட்டு வாரைக்கு அதைத்தான் எடுக்கிறோம். ஆனால் கோனிஃபர் வைரத்தில் நடப்பதுபோல், சாகப்போகிற செல் தன் சேமிப்பை நஞ்சாக மாற்றி வைக்கிற வேலை பனையில் இல்லை.

இனி கல்மரம். இங்கே மரத்துக்கு எந்த வேலையும் இல்லை. செத்துக் கிடப்பது மட்டுமே அதன் பங்கு. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரம் ஆற்று மணலில் சட்டென்று புதைய வேண்டும், காற்று படக் கூடாது. மணலில் உள்ள தாதுக்கள் சிதையும்போது கரையும் சிலிக்கா, நிலத்தடி நீரில் சிலிசிக் அமிலமாக வருகிறது. செல்லுலோசிலும் லிக்னினிலும் இருக்கும் ஹைட்ராக்சில் முனைகளில் அது ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்கிறது. முதலில் சுவரின் நுண்ணிய இடுக்குகள், பிறகு செல்லின் உள்வெளி. 1976-ல் லியோ, பார்கோர்ன் இருவரும் இந்த வரிசையை விளக்கினார்கள். மரத்தின் சொந்தப் பொருளே அச்சாக நின்று, கல்லை எங்கே படிய வேண்டும் என்று சொல்லிவிட்டு மெல்லக் கரைகிறது. இதற்குக் கோடி ஆண்டுகள் வேண்டும் என்று நினைத்திருந்தவர்களை ஜப்பானின் ததேயாமா வெந்நீர் ஊற்றில் செய்த சோதனை திகைக்க வைத்தது. சிலிக்கா நிறைந்த அந்த நீரில் போட்டுவைத்த மரத்துண்டுகளில் 7 ஆண்டுகளுக்குள் எடையில் 40 சதவீதம்வரை சிலிக்கா ஏறிவிட்டது. சாதாரண மணலில் அந்த வேகம் வராது. ஆனால் மரம் மக்குவதற்குள் கல் முந்திக்கொள்ள முடியும் என்பது உறுதியானது.

வைரமும் கல்லும் காலத்தோடு நடந்துகொள்ளும் விதம் நேர் எதிர். வைரத்தின் வேதிப்பொருள்கள் அமைதியாக இருப்பதில்லை. ஆக்சிஜன் ஏறி, ஒன்றோடொன்று இணைந்து, மெல்ல வீரியம் இழக்கின்றன. அதனால் ஒரு பெரிய கோனிஃபரில் மிக உறுதியான பகுதி, வெள்ளையை ஒட்டி அண்மையில் உருவான வெளிவைரம்தான். மையத்தில் இருப்பது வயதானது, நஞ்சு தீர்ந்தது. முது மரங்கள் நடுவில் பொந்தாவது இதனால்தான். கல்மரத்தில் படியும் சிலிக்காவோ முதலில் ஒழுங்கற்ற ஓப்பலாக வந்து, நாளாக நாளாகத் தன்னை அடுக்கிக்கொண்டு சால்செடனியாகவும் குவார்ட்ஸாகவும் உறுதிப்படுகிறது. ஒன்று முதுமையில் தளர்கிறது, மற்றது முதுமையில் இறுகுகிறது.

திருவக்கரையில் ஒரு துண்டின் உடைந்த முகத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். வெயிலில் மங்கிக் கிடந்த வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும். அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நூலைவிட மெல்லிய கதிர்க்கோடுகள் ஓடும். அவைதான் அந்தப் பாரன்கைமா செல்களின் பாதை. 2 கோடி ஆண்டுக்கு முன்னால் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருந்த அறைகள் அங்கே அப்படியே இருக்கின்றன. உள்ளே இருப்பது சிலிக்கா. நடுவில் பழுப்பு, ஓரத்தில் வெளிறிய நிறம் என்று பார்த்ததும், இதோ வைரம், இதோ வெள்ளை என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லக் கூடாது. கல்மரத்தின் சிவப்பும் பழுப்பும் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடின் வண்ணம். நீர் எந்த வழியில் வந்தது என்பதைத்தான் அது காட்டும்.

அப்படியானால் அந்தப் போடோகார்ப் மரத்தின் வைரத்தில் என்ன இருந்தது? கல் இதற்குப் பதில் சொல்லாது. வடிவம் அத்தனையும் மிஞ்சி, வேதியியல் தொலைந்துவிட்டது. தேவதாரு சிராயில் நேர்மாறு: பொடியாக்கி ஆவியில் வடித்தாலும் பொருள் கையில் கிடைக்கும், வடிவம் போய்விடும். உயிருள்ள உறவுக்காரர்களை வைத்து ஊகிக்கலாம். நியூசிலாந்தின் டொட்டாரா ஒரு போடோகார்ப். அதன் வைரத்தில் டொட்டரோல் என்ற 20 கார்பன் டைட்டர்ப்பீன் நிறைந்திருக்கிறது. மவோரி மக்கள் பெரும் படகுகளை அந்த மரத்தில்தான் குடைந்தார்கள், ஏனென்றால் அது மக்காது. நம்முடைய தென்மலைகளில் இயற்கையாக வளரும் ஒரே கோனிஃபரும் இந்தக் குடும்பம்தான். நிரம்பாலி என்று சொல்லும் நாகியா வாலிச்சியானா, அகத்தியமலை போன்ற மழைக்காடுகளில் இருக்கிறது. அகன்ற இலையைப் பார்த்தால் ஊசியிலை மரங்களின் சொந்தம் என்று யாரும் நம்பமாட்டார்கள். போடோகார்ப் கட்டைகளில் பைனுக்கு உள்ளதுபோலப் பிசின் குழாய்கள் கிடையாது. எனவே திருவக்கரை மரமும் பிசின் ஒழுகாத, டைட்டர்ப்பீன் ஊறிய கட்டையாக இருந்திருக்கக்கூடும் என்பது என் ஊகம்.

வேதியியல் தொலைவது எல்லாப் புதைமரங்களுக்கும் விதியில்லை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து கிளார்க்கியாவில், காற்றுப் புகாத ஏரிச் சேற்றில் அடங்கிய மயோசீன் கால கோனிஃபர் எச்சங்களில் ஃபெருஜினோல் போன்ற டர்ப்பீன்கள் கிட்டத்தட்ட மாறாமலே கிடைத்தன. 2002-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு அது. நம் பக்கத்திலும், திருவக்கரை அடங்கிய அதே கடலூர் மணற்பாறைப் பகுதியில், நெய்வேலியில் மரத்தின் கார்பன் பழுப்பு நிலக்கரியாகத் தங்கிவிட்டது; ஆனால் அங்கே வடிவம் நசுங்கிப்போயிற்று. நீர் ஓடும் மணலா, தேங்கிய சேறா என்பதே ஒரு மரத்தின் எந்தப் பாதி மிஞ்சும் என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

இவ்வளவு எதிரெதிராக நிற்கும் வைரமும் கல்லும் ஓரிடத்தில் கைகோத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். திருவக்கரையில் கிடப்பவை கிளையும் வேரும் பட்டையும் இல்லாத அடிமரங்கள். வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தில் உருண்டு வந்தவை என்று புவியியலாளர்கள் சொல்வதற்கு அதுவே சான்று. அந்தப் பயணத்தில் முதலில் உதிர்வது பட்டை, அடுத்து மென்மையான, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் பிடித்த வெள்ளை. மணலுக்குள் வந்து சேர்ந்தபோது மிஞ்சியிருந்ததில் பெரும்பங்கு வைரமாக இருந்திருக்க வேண்டும். சிலிக்கா வந்து சேரும்வரை பூஞ்சையைத் தள்ளி நிறுத்தி, அவகாசம் வாங்கிக் கொடுத்தது மரம் உயிரோடிருந்தபோது ஊற வைத்த அந்த ஒரு சதவீதச் சரக்காக இருக்கலாம். இது என் கருத்து. நிரூபிக்க வேண்டுமானால் அந்தக் கட்டைகளில் வெளியே எவ்வளவு சுற்று தேய்ந்துபோயிற்று என்று கணக்கிட வேண்டும். செய்யக்கூடிய வேலைதான்.

செய்ய வேண்டிய வேறொரு வேலையும் உண்டு. தேவதாரு சிராயை நுண்ணோக்கியில் பார்க்க ஒரு சவர பிளேடு போதும். கல்மரத்துக்கு வைரக்கல் பதித்த ரம்பத்தால் அறுத்து, 30 மைக்ரான் அளவுக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும்படி செய்ய வேண்டும். ஷ்லைடனும் சாஹ்னியும் ராமானுஜமும் பார்த்தது அப்படிப்பட்ட சீவல்களைத்தான். பூங்காவுக்கு வருகிற விழுப்புரம், திண்டிவனம் பள்ளிப் பிள்ளைகள் வெளியிலிருந்து கல்லைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வாசலில் ஒரு சிறிய அறை கட்டி, இரண்டு நுண்ணோக்கிகளை வைக்கலாம். ஒன்றில் மெசெம்ப்ரியாக்சிலானின் கற்சீவல், மற்றதில் அகத்தியமலை நிரம்பாலியின் வைரச்சீவல். முதலாவதில் வட்டக் குழிகள் வரிசையாக, ஒளி கடந்து, உள்ளே ஒன்றுமில்லாததுபோல் தெரியும். இரண்டாவதில் அதே குழிகள், அதே கதிர்கள், ஆனால் செல்களுக்குள் பழுப்பு மஞ்சளாகத் திரண்டு நிற்கும் சரக்கு கண்ணில் படும்.